கடலுக்குள் இருக்கும் ஊருணி: காப்புக் கடலும் தூண்டில்காரருக்கான விதிகளும்

செட்டிநாட்டில் வளர்ந்தவருக்குக் ‘கடல் காப்பகம்’ என்றால் என்னவென்று புரியக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. ஊருணிக் கரையில் நின்றாலே போதும். சுற்றிலும் கல் கட்டு, இறங்கப் படித்துறை, குடிக்க மட்டுமே தண்ணீர். துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது, கால் கழுவவும் விடமாட்டார்கள். அதே ஊரில் கண்மாய்க்கு வழக்கம் வேறு. அங்கே மாடும் குளிக்கும், மீனும் பிடிக்கலாம், ஆனால் நினைத்த நாளில் பிடிக்க முடியாது. அறுவடை முடிந்து தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா வரும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை கரையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. வீசிய பிறகு ஊத்தா, கச்சா, பரி என்று கையில் இருப்பதோடு இறங்குவார்கள்.

மூன்றாவது வகையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூரை ஒட்டிய வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. ஊர் ஊராகவே இருக்கிறது. ஆனால் பறவைகள் கலைந்துவிடும் என்பதற்காக அங்குள்ளவர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

கடலிலும் இந்த மூன்றும் உண்டு. எதையும் தொடக் கூடாத இடம், மனிதரும் உயிரினமும் சேர்ந்து வாழும்படி ஒழுங்கு வைத்த இடம், காலமும் கருவியும் பார்த்து மீன் பிடிக்கும் பொதுக் கடல். வார இறுதியில் தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்கோ, காரைக்குடியிலிருந்து மீமிசலுக்கோ, இன்னும் நேரம் கிடைத்தால் மண்டபம், பாம்பன் பக்கமோ தூண்டிலோடு போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: நிற்கிற இடம் ஊருணியா, வேட்டங்குடியா, கண்மாயா? தண்ணீருக்குள் கல் கட்டு தெரியாது. அதனால் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தக் கடல் எந்த வகை

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலுமாக 560 சதுர கிலோமீட்டர். மண்டபம் குழுவில் 7 தீவுகள், கீழக்கரைக் குழுவில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4. இவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. தேசியப் பூங்கா என்பது சட்டப்படி ஊருணி. தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்ளே போகவோ, அங்குள்ள எந்த உயிரையும் எடுக்கவோ, கெடுக்கவோ கூடாது. மீன், சங்கு, பாசி, பவளம் எல்லாம் இதில் அடங்கும்.

இந்தப் பூங்காவைச் சுற்றி 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட பெரிய வட்டம் ஒன்று உண்டு. அது 10,500 சதுர கிலோமீட்டர். பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் ஊர்களும் துறைமுகங்களும் உப்பளங்களும் இருக்கின்றன, மீன்பிடியும் நடக்கிறது. அதன் நடுவிலிருக்கும் பூங்காவில்தான் முழுத் தடை.

நமக்குப் பக்கத்தில் இருப்பது வேறொன்று. பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், அதிராம்பட்டினத்துக்கும் அம்மாபட்டினத்துக்கும் இடைப்பட்ட பகுதியைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. பரப்பு 448 சதுர கிலோமீட்டர். ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசுவுக்காக இந்தியாவில் உண்டான முதல் காப்பகம் இது. நடைமுறையில் இது வேட்டங்குடி மாதிரி. மீனவரின் உரிமை அப்படியே இருக்கிறது, வழக்கமான மீன்பிடி தொடர்கிறது. ஆனால் விலங்கைத் துன்புறுத்தக் கூடாது, குப்பை போடக் கூடாது, வெடி, ரசாயனம் எதையும் தண்ணீரில் விடக் கூடாது. மல்லிப்பட்டினத்தில் மனோரா பார்க்கப் போய்க் கடலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் விடுகிறவர் இந்த விதியைத்தான் மீறுகிறார்.

மீமிசலும் தொண்டியும் இந்தக் காப்பகத்துக்குத் தெற்கே உள்ளவை. அவை கண்மாய் வகை. ஆனால் வன உயிரினச் சட்டத்தின் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கான பாதுகாப்பு இடம் பார்த்து வருவதில்லை. அதைக் கீழே சொல்கிறோம்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜூனில் அங்கே 524.7 ஹெக்டேர் பரப்பு பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலையின் இருபுறமும் தெரியும் சேற்றுத் தண்ணீரில் முன்பு இறங்கி நின்ற பழக்கத்தில் இப்போதும் இறங்கிவிடக் கூடாது.

தண்ணீரில் எல்லையை எப்படிப் பார்ப்பது

பூங்காவின் எல்லையை ஆழத்தால்தான் குறித்திருக்கிறார்கள். தீவுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரை, ஆழ்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை. பாகம் என்பது மீனவர் கணக்கு. இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை ஒரு பாகம், 6 அடி. மூன்றரைப் பாகம் 21 அடி, ஐந்து பாகம் 30 அடி. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டு, குண்டு தரை தட்டியதும் கயிற்றைக் கை விரித்துக் கை விரித்து இழுத்தால் எத்தனை முறை விரித்தோமோ அத்தனை பாகம். குண்டின் அடியில் கொஞ்சம் சோப்பு அப்பி விட்டால் மணலோ சேறோ ஒட்டிக்கொண்டு வரும். பாரில் விழுந்தால் ஒன்றும் ஒட்டாது, சோப்பு நசுங்கியிருக்கும். பவளப் பாறையை இந்தப் பக்க மீனவர் பார் என்றே சொல்வார்கள். தீவுக்கு அருகே அப்படி நசுங்கி வந்தால், எல்லையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், திரும்பிவிட வேண்டும்.

கரையில் நின்று வீசும் தூண்டில் நல்ல கையில் 60, 70 மீட்டர் போகும். தீவுகளில் பெரும்பாலானவை நிலத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், கரையிலிருந்து வீசுகிறவர் பூங்காவுக்குள் போய்விடுவது அரிது. ஆபத்து படகு ஏறும்போது வருகிறது. ‘தீவுக்கிட்ட கொண்டுபோய் விடுறேன், மீன் கொத்து கொத்தாக் கடிக்கும்’ என்று யாராவது அழைத்தால் அந்த மீன் ஏன் அங்கே அவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பிடிக்காமல் விட்டதால்தான் இருக்கிறது. தீவைப் பார்க்க ஆசையென்றால் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் படகு உண்டு. தூண்டிலை வண்டியில் வைத்துவிட்டுப் போகலாம்.

தூத்துக்குடியில் ஒரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. துறைமுகச் சாலை வழியாகப் போய்ச் சேரும் முயல்தீவு எல்லாரும் போகும் கடற்கரை, அது பூங்காவில் சேராது. மண்டபம் பக்கம் உள்ள முயல்தீவு, உள்ளூரில் முசல் தீவு என்பது, பூங்காத் தீவு. ஒன்றுக்குப் போய்வந்த அனுபவத்தை வைத்து மற்றதற்குள் நுழைந்துவிடக் கூடாது. தூத்துக்குடி மாதிரி துறைமுகமும் அனல்மின் நிலையமும் நகரமும் நெருக்கிக்கொண்டிருக்கிற கரையில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். பூங்காவைச் சேர்ந்த வான் தீவு நகரத்திலிருந்து அவ்வளவு பக்கம்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு

வான் தீவையே எடுத்துக்கொள்வோம். அலை அரித்து அது மிகவும் சுருங்கிவிட்டது. காக்கக் கடலுக்குள் கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்க வேண்டியிருந்தது. முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் இந்த வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பார் என்பது தீவுக்கு முன்னால் அலையை உடைக்கும் சுவர். சுவர் போனால் அலை நேரே தீவில் மோதும். நம் வளவு வீடுகளின் சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு எவ்வளவு மேன்மை தந்தது என்று நமக்குத் தெரியும். செத்து ஒதுங்கிய கிளிஞ்சலைப் பொறுக்கிச் சுடுவதும், உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் பாரைக் கடப்பாரை போட்டு உடைப்பதும் ஒன்றாகாது. பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான் வளரும்.

இன்னொரு காரணம் மீனின் பிறப்பில் இருக்கிறது. கொடுவா மீன் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. பெரிதான பிறகே பெண்ணாக மாறும். ஆகவே ஓர் இடத்தில் பெரிய கொடுவாக்களை மட்டும் தொடர்ந்து பிடித்தால் முட்டையிடப் பெண் இருக்காது. கலவா இதற்கு நேரெதிர். முதலில் பெண், வயது ஏறிய பிறகு சில ஆணாக மாறும். பெரிய கலவாக்கள் போய்விட்டால் முட்டைக்கு உயிர் கொடுக்க ஆண் குறையும். இரண்டிலும் இழப்பு பெரிய மீனைத் தொடர்ந்து எடுப்பதால்தான். அதோடு ஒரு பெரிய பெண் மீன் இடும் முட்டை, அதே எடைக்கு எடுத்துக்கொண்ட சின்ன மீன்கள் எல்லாம் சேர்ந்து இடுவதைவிடப் பல மீன் இனங்களில் அதிகம். எவரும் தொடாத ஓர் இடம் இருந்தால் அங்கே இந்தக் கிழட்டு மீன்கள் மிஞ்சும். அவை இடும் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் வெளியே வரும். வெளியே தூண்டில் போடுகிறவருக்குக் கிடைப்பது அந்த வரவு. மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995-இல் காப்பகம் அறிவித்தார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 4 மடங்குக்கு மேல் கூடியது. ஊர் மக்களே மீன்பிடியை நிறுத்திக் காவல் நின்றதால் நடந்தது அது.

உறவினர் சிங்கப்பூரில் இருப்பவர்கள் அங்கே கேட்டுப் பாருங்கள். அத்தனை நெருக்கமான நகரக் கடலிலும் 2014-இல் சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல் பூங்கா ஆக்கினார்கள். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ போன்ற பெருநகரங்களின் கரையோடு சேர்த்து 124 காப்புப் பகுதிகளை 2012-க்குள் வரைந்து முடித்தார்கள். மாநிலக் கடலில் அது ஏறத்தாழ 16 சதவீதம். அங்கே பொழுதுபோக்காகத் தூண்டில் போடவும் 16 வயது நிறைந்தவர்களுக்குப் பொதுவாக உரிமம் வேண்டும்.

நம் ஊரில் விதி எங்கிருந்து வருகிறது

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. அது படகுகளைப் பற்றியது. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கும் வத்தைக்கும் உரியது. விசைப்படகு அதற்கு அப்பால்தான் வலை விரிக்க வேண்டும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறையும் உண்டு. விசைப்படகு பெரும்பாலும் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். காரைக்குடிச் சந்தையில் எந்த நாளில் மீன் குவிகிறது, எந்த நாளில் விலை ஏறுகிறது என்று கவனிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதற்காக வைத்தது. கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை இந்தத் தடை சேராது. ஆனால் சினை மீன் அதிகம் மாட்டும் மாதங்கள் இவை. எங்கள் கருத்தில், பொழுதுபோக்குக்காகப் போகிறவர் இந்த இரண்டு மாதமும் சினை வயிறு தெரியும் மீனை விட்டுவிடுவதுதான் நியாயம். பிழைப்புக்கு மீன் பிடிக்கிறவர் வலையை மடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், நமக்கோ அது விளையாட்டு.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-இலேயே இந்திய மீன்வளச் சட்டம் தடுத்துவிட்டது. அந்தத் தடையில் சுண்ணாம்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கண்மாயில் சுண்ணாம்பு கரைத்து மீனை மிதக்கவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

படகில் ஏறுவதானால் ஒன்று மட்டும் சொல்கிறோம்: மீன்பிடிப் படகு மீன் பிடிக்கப் பதிவான படகு, ஆளேற்ற அல்ல. உயிர்காப்பு மேலங்கி இல்லாத படகில் குழந்தைகளை ஏற்றவே கூடாது. இலங்கையோடான கடல் எல்லைக்கோடு 1974-இல் பாக் நீரிணையில் வரையப்பட்டது. ராமேசுவரம் பக்கம் அது மிக அருகில் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முள்ளில் மாட்டியது எது என்று பார்ப்பது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. கடல் அட்டை, கடல்குதிரை, பவளம், வேளா மீன், திமிங்கலச் சுறா ஆகியவை 2001-இல் அதன் முதல் பட்டியலில் சேர்ந்தன. கடலாமைகளும் கடற்பசுவும் அதற்கு முன்பே இருந்தன. முதல் பட்டியல் உயிரை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினாலும் அதே தண்டனை. வேட்டை என்றால் கொல்வது மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிடிப்பதும் வேட்டைதான்.

தொண்டிக் கரையில் தூண்டில் போட்டால் வழக்கமாகக் கிடைப்பது கிழங்கான், விளை, ஓரா, மடவை, காரல், சின்னப் பாறை. இவற்றைப் பற்றிக் கவலையில்லை. கவலை தருவது உழுவை, திருக்கை வகைகள். உழுவைகளிலும் திருக்கைகளிலும் சில பட்டியலில் இருக்கின்றன, சில இல்லை. பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே தட்டையான உடம்போடு எது வந்தாலும் விட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. வேளாவின் மூக்கு இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் போல நீண்டிருக்கும், அதை யாரும் தவறவிட முடியாது. இப்போது மிக மிக அரிதாகிவிட்டது. பார்த்தால் தூண்டில் நரம்பை (தங்கூசியை) அறுத்து விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நண்டுக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. திருப்பிப் பிடித்து வயிற்றுப் பக்க மடலைப் பாருங்கள். ஆணுக்கு மடல் ஒடுங்கி முனை கூர்மையாக இருக்கும், பெண்ணுக்கு அகன்று வளைந்திருக்கும். மடலுக்கு வெளியே பஞ்சு போல மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ திரண்டிருந்தால் அது முட்டை. அதே திரள் சாம்பல் கலந்த கறுப்பாக இருந்தால் இன்னும் சில நாளில் பொரிந்துவிடும். இரண்டையும் விட வேண்டும். நண்டு மசாலாவுக்குச் சதை உள்ள நண்டு வேண்டுமென்றால் ஆண் நண்டே மேல். சந்தையில் வாங்கும்போதும் சினை நண்டை ஒதுக்கிக் கேட்டால், நாலு பேர் கேட்ட பிறகு கரையிலும் அது ஒதுங்கும்.

பிடித்ததைச் சாகாமல் விடுவது

விடுவதற்கென்று பிடித்த மீன்களில் சில, விட்ட பிறகு செத்துப்போவது தெரியாமலே பலர் திரும்பிவருகிறார்கள். ஒரு காரணம் கை. மீனின் தோல்மேல் உள்ள வழுவழுப்பு அதன் கவசம். காய்ந்த கையாலோ துணியாலோ பிடித்தால் அது உரிந்து வந்துவிடும். பிறகு அந்த இடத்தில் புண் வைக்கும். சித்திரை வெயிலில் மணலில் போட்டால் தோல் வெந்தே போகும். எனவே முதலில் கையைக் கடல் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. தண்ணீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது, படம் எடுப்பதும் அந்த நேரத்துக்குள்தான்.

தூண்டில் முள்ளின் உள்பக்கம் இருக்கும் சிறு கொக்கிதான் கழற்றும்போது சதையைக் கிழிப்பது. குறட்டால் அதை அமுக்கித் தட்டையாக்கிவிட்டால் முள் வந்த வழியே வெளியே வரும். ‘அப்புறம் மீன் கழன்றுபோகாதா’ என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. நரம்பு இறுக்கமாக இருக்கும்வரை கழலாது. தொய்ய விட்டால்தான் கழலும். வட்ட முள் கிடைத்தால் அது இன்னும் நல்லது, பெரும்பாலும் வாயோரத்திலேயே குத்தும். ஆனால் வட்ட முள்ளில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் இழுத்துக்கொண்டு போகும்போது மெல்ல இறுக்கினால் தானே மாட்டும். தொண்டைக்குள் ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்கவே கூடாது. வாயருகே நரம்பை அறுத்து விடுங்கள். முள்ளோடு விட்ட மீனுக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம், பிடுங்கி விட்டதற்குக் குறைவு. விடும்போது எறியாமல், அலைக்குள் இரண்டு கையிலும் தாங்கிப் பிடித்து, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஓராவின் முதுகு, அடி, குத முட்களில் நஞ்சு இருக்கிறது. கெழுத்தியின் முதுகு முள்ளும் செட்டை முள்ளும் அப்படியே. தூண்டிலில் மாட்டிய ஓராவைக் கையால் பற்றிக் குத்து வாங்காத புதியவர் குறைவு. குத்தினால் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கையை ஊறவிட வேண்டும். அந்தச் சூட்டில் நஞ்சு செயலிழக்கும், வலி குறையும். ஐஸ் வைத்தால் வலி கூடும். திருக்கை குத்திக் காயம் ஆழமாக இருந்தால் தண்ணீரில் வைத்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும், முள் துண்டு உள்ளே முறிந்து நிற்கலாம். பந்து போல ஊதும் பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது.

கரையில் இருப்பவர்களின் உரிமை

காப்பகம் அறிவித்தபோது இழந்தவர்களும் இருக்கிறார்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரத்துப் பெண்களுக்கு அந்தத் தண்ணீர் தடை செய்த இடமாகிவிட்டது. விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பறிக்கும் அவர்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது, பாரைச் சுரண்டும் இரும்புக் கருவியை விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, அந்தப் பெண்களை ஒன்று சேர்த்ததற்காக தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி பரிசை 2015-இல் பெற்றார். கடலைக் காப்பது வனத்துறையோடு முடிகிற வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவோம்.

தூண்டிலோடு ஓர் ஊருக்குப் போனால் முதலில் கரையில் இருப்பவரிடம் கேளுங்கள். ‘அண்ணே, இங்கே போடலாமா? இன்னைக்குக் கரைவலை இழுக்கிறீங்களா?’ என்று கேட்டால் முறைத்துப் பதில் சொல்பவர் யாரும் இல்லை. கரைவலை வளைத்திருக்கும் இடத்தில் தூண்டில் வீசினால் முள் வலையில் சிக்கும். அந்தக் கண்ணியைப் பிரித்துப் பின்ன அவருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். படகு கட்டியிருக்கும் கயிறுகளுக்கு இடையிலும் வீசக் கூடாது. பல ஊர்களில் வெள்ளிக்கிழமை, திருவிழா நாள் என்று ஊர்க்கட்டுப்பாடு உண்டு. அதுவும் எழுதாத சட்டம்.

ராமேசுவரத்திலிருந்து திரும்பும்போது வண்டியில் ஏறும் ‘நினைவுப் பொருள்’ பற்றியும் ஒரு வார்த்தை. பவளத் துண்டு செத்து வெளுத்ததானாலும் எடுக்கக் கூடாது. விலைக்கு வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். ஐவிரல் சங்கு வகைகளில் சிலவும் பட்டியலில் உள்ளவை. முகப்பு அலமாரியில் வைக்கக் கடையில் பார்த்து ஆசைப்பட்டால் பெயரைக் கேட்டு, தெரியாவிட்டால் விட்டுவிடுவது நல்லது.

நரம்பு, வலை, ஆவுளியா

பாக் நீரிணையின் ஆழம் குறைவு, வெயில் அடிவரை போகும், அதனால் தரை முழுக்கக் கடற்புல். ஆவுளியா ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். ஒரு குட்டிதான் போடும், அதற்கு ஓராண்டுக்கு மேல் சுமக்கும், அடுத்த குட்டிக்குப் பல ஆண்டு ஆகும். அது மீன் இல்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கினால் அடிபட்டுச் சாவதில்லை, மூச்சுத் திணறிச் சாகிறது. ஆமைக்கும் அதே கதி. வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விடும் மீனவருக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுக்கிறது. அறுந்த வலையின் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு விடுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

நம் பங்கு சிறியது. கடற்புல் உள்ள இடத்தில் இறங்கி நிற்காமல், வெள்ளையாகத் தெரியும் மணல் திட்டில் நிற்கலாம். திருக்கை இருக்கும் என்பதால் அடியெடுத்து வைக்காமல் காலைத் தேய்த்து நகர வேண்டும். புல்லில் அப்படித் தேய்த்தால் வேர் பிய்ந்துவரும், மணலில் ஒன்றும் ஆகாது. அறுந்த தங்கூசி நரம்பைக் கடலில் விடவே கூடாது. அது மக்க நூற்றாண்டுகள் ஆகும், அதுவரை ஆமைக் கழுத்திலும் நண்டுக் காலிலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பழைய தண்ணீர்ப் பாட்டிலில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அறுந்த நரம்பை அதில் சுற்றிச் சுற்றி நுழைத்துக்கொண்டு வாருங்கள். குப்பையில் போடும் முன் ஒரு சாண் துண்டுகளாக வெட்டிவிட்டால் குப்பைமேட்டில் காக்கை கால்களும் தப்பிக்கும்.

ஆவுளியாவோ ஆமையோ கரை ஒதுங்கி உயிரோடு இருந்தால் இழுக்கக் கூடாது, அதன் முதுகில் யாரையும் ஏற்றவும் கூடாது. ஈரத் துணி போர்த்தி, மூக்கில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வையுங்கள். பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்ல ஊராரிடம் கேளுங்கள். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. கடலில் ஆள் ஆபத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.